கருந்திரையில் தமிழ் எழுத்து

அறிவியல் அரங்கம்



சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அல்சூரில் வாழும் அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய தந்தையார் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து இந்நகருக்கு வந்து, ஜாலஹள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் 1994இல் கணிப்பொறி ஒன்றை வாங்கி, மகன் கேலி செய்வதையும் பொருட்படுத்தாமல், நாள்தோறும் காலையில் இரண்டு மணி நேரம் அதன் முன் அமர்ந்து தம் குடும்ப வரலாற்றைத் தமிழிலே எழுதிவந்தார். ஊர் எது, குலதெய்வம் எது, எவர் எவரை மணந்தார், எந்தப் பஞ்சத்தில் எவர் ஊரைவிட்டுப் பெயர்ந்தார் என்பனவெல்லாம் அதில் அடக்கம். பெரியவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் எழுதிய கோப்பு மட்டும் நெகிழ்வட்டிலிருந்து குறுந்தகட்டுக்கும், குறுந்தகட்டிலிருந்து கைவிரல் அளவுள்ள நினைவுக் குச்சிக்கும் மாறி மாறி வந்து சேர்ந்திருக்கிறது.

அக்கோப்பை அவருடைய பேத்தி அண்மையில் திறந்து பார்த்தாள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயின்று, ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுத்தை முயன்று கற்ற பெண் அவள். தாத்தாவின் எழுத்தைப் படிக்கலாம் என்று ஆவலோடு திறந்தவளுக்குக் கிடைத்தது தமிழன்று. தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளே பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன.

“தாத்தா எழுதியதெல்லாம் அழிந்துவிட்டதா, மாமா?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

“அழியவில்லை, அம்மா. அவர் எழுதியது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது. அதைப் படிக்கும் வகைதான் நமக்கு மறந்துபோயிற்று” என்றேன்.

அவளுக்கு அன்று கூறிய விளக்கத்தையே இத்திங்கள் இப்பகுதியில் எழுதுகிறேன். நம்மவர் வீடுகள் பலவற்றில் இத்தகைய கோப்புகள் உறங்கிக் கிடக்கின்றன என்பதை நான் அறிவேன்.

எண்ணே உள்ளே இருப்பது

பழைய அச்சுக்கூடத்தை நேரில் கண்ட அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்த பெட்டிகளில் இட்டு வைத்திருப்பர். அச்சுக்கோப்பவர் கை, பாராமலே உரிய அறைக்குச் சென்று உரிய எழுத்தை எடுக்கும். அவ்வறைகளுக்கு எண் கொடுத்திருப்பதாகக் கொள்ளுங்கள். ஒருவர் எண்களை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டே போக, மற்றவர் அந்தந்த அறையிலிருந்து எழுத்தை எடுத்துக் கோத்துக்கொண்டே வருகிறார். இப்போது எவரோ பெட்டியை மாற்றி, தமிழ்ப் பெட்டி இருந்த இடத்தில் பிரெஞ்சுப் பெட்டியை வைத்துவிட்டால் என்ன ஆகும்? படிக்கப்பட்ட எண்களில் பிழையில்லை. கோக்கப்பட்டதோ பிரெஞ்சு எழுத்து.

கணிப்பொறியில் நிகழ்வதும் இதுவே. அது எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். 65 என்றால் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து என்று 1963இல் அமெரிக்காவில் ஒரு முறையை வகுத்தனர். ‘ஆஸ்கி’ என்பது அதன் பெயர். அதில் இருந்தவை 128 இடங்கள். அவற்றுள் கண்ணுக்குப் புலனாகும் குறிகள் 95 மட்டுமே. ஏனையவை பொறியை ஏவும் கட்டளைகள். ஆங்கிலேயருக்கு அது போதுமானதாக இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கும் செருமானியருக்குமே அது போதவில்லை எனில், நம் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மேசைக் கணிப்பொறியில் இடங்கள் 256 ஆயின. மேற்பாதியில் ஐரோப்பிய எழுத்துகள் சிலவும், கட்டம் போடுவதற்கான கோடுகளும், கணிதக் குறிகளும் இடம்பெற்றன. இந்நாளில் நாம் காணும் படங்களும் வண்ணச் சாளரங்களும் அப்போது பெரும்பாலும் இல்லை. கருந்திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்தால் விடையும் எழுத்தாகவே வரும். அத்திரை 80 பத்திகளும் 25 வரிகளும் கொண்ட 2000 கட்டங்கள். கட்டத்திற்கு ஓர் எழுத்து, அவ்வளவே. ஒவ்வோர் எழுத்தின் வடிவமும் புள்ளிகளாக ஒரு சில்லுக்குள் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தது. பெரியவர் வீட்டுக்கு வந்த பொறியும் இவ்வகையினதே.

கட்டத்துக்குள் அடங்காத தமிழ்

இந்தத் திரைக்குத் தமிழைக் கொணர்வதில் இரண்டு இடர்ப்பாடுகள் தோன்றின.

முதலாவது எண்ணிக்கை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆகத் தமிழ் எழுத்துகள் 247. ஆங்கிலக் குறிகள் 95ஐயும் சேர்த்தால் 342. இடங்களோ 256. வடவெழுத்துகளை இன்னும் இக்கணக்கில் சேர்க்கவில்லை. ஆயினும் கால், கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றைத் தனித் துண்டுகளாகக் கொண்டு, கு, கூ, டி, டீ முதலான தனி வடிவங்களுக்கு மட்டும் தனி இடம் கொடுத்தால், தமிழை மேற்பாதியின் 128 இடங்களுக்குள் ஒருவாறு அடக்கிவிடலாம்.

இரண்டாவது அகலம். அத்திரைக் கட்டத்தின் அகலம் ஏறத்தாழ எட்டுப் புள்ளிகள். ‘ர’ அதில் வசதியாக அமரும். மூன்று சுழி ‘ண’ அமருமா? அமர்ந்தாலும் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடும். எனவே ‘ண’வுக்கு இரண்டு கட்டங்கள் வேண்டும். இரண்டு கட்டம் கொடுத்தால் பத்திகள் வரிசை பிறழ்கின்றன. வரவு செலவுக் கணக்கில் ரூபாய்ப் பத்தி நேராக நில்லாமல் வளைந்து செல்கிறது.

இந்த இடர்ப்பாடு கணிப்பொறிக்கு முன்பே தோன்றியது. மலாயாவில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவராகிய இரா. முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தபோது இதனையே எதிர்கொண்டார். சில குறிகளுக்கு ‘நகரா விசை’ என்பதனை அவர் வைத்தார். அவ்விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும், வண்டி நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில் குறியோடு சேர்ந்து பதியும். ஆகவே, புள்ளியை முதலில் அடித்து மெய்யைப் பின்னர் அடிக்க வேண்டும். தட்டச்சர் கையால் செய்த அந்தத் தந்திரத்தைக் கட்டம் கட்டமாக எழுதும் கருந்திரை செய்ய இயலவில்லை.

மூன்று வழிகள்

இவ்விடர்ப்பாட்டைக் கடக்க மூன்று வழிகள் கண்டனர்.

முதல் வழி, பெட்டியில் ஈயத்தை மாற்றுவது. எண்பதுகளில் வந்த திரை அட்டைகளில், சில்லில் உள்ள வடிவங்களுக்கு மாறாகப் புது வடிவங்களை ஏற்றிக்கொள்ள இடம் இருந்தது. கணிப்பொறியை இயக்கியதும் சிறு நிரல் ஒன்றை ஓடவிட்டால், மேற்பாதியின் ஐரோப்பிய எழுத்துகள் தமிழ் உருவம் பெற்றுவிடும். ஆனால் அப்பாதியில்தான் கட்டம் போடும் கோடுகளும் இருந்தன. 196 என்னும் எண் கிடைக்கோட்டுக்கு உரியது. அங்கே ஒரு தமிழ் எழுத்தை வைத்துவிட்டால், பிற நிரல்கள் கோடு போடும் இடமெல்லாம் அந்த ஒரே எழுத்து வரிசை வரிசையாக ஓடும். அன்றியும், அச்சுப்பொறிக்குள் வேறொரு சில்லு உண்டு. திரையில் தமிழாகத் தோன்றியது தாளில் கொம்பும் வாலுமாக அச்சாகும்.

இரண்டாம் வழி, கட்டத் திரையையே துறப்பது. ஒவ்வோர் எழுத்தையும் படம்போல் புள்ளி புள்ளியாக வரைந்துகொள்ளும் தனி நிரலை எழுதிவிட்டால், ‘ண’ எவ்வளவு அகலமும் இருக்கலாம். கனடாவில் வாழ்ந்த கு. சீனிவாசன் அவர்கள் எழுதிய ‘ஆதமி’ இவ்வகையில் முன்னோடி. மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் எண்பதுகளில் தொடங்கிய ‘முரசு’ம் புகழ் பெற்றது. பிறந்த மண்ணைவிட்டு அயலில் குடியேறிய தமிழர் இத்துறையில் முந்திக்கொண்டனர் என்பது நம்போன்றோர் பெருமையோடு நினைத்தற்குரியது. வீட்டுக்குத் தமிழில் மடல் எழுத வேண்டும் என்னும் வேட்கையே அவர்களுக்குத் தூண்டுகோலாயிற்று போலும். எனினும் இவ்வழியில் தமிழ், அந்நிரலின் எல்லைக்குள் மட்டுமே வாழ்ந்தது. வெளியே வந்தால் மீண்டும் கருந்திரை. கோப்பின் பெயரைக்கூட ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குள் வைக்க வேண்டும்.

மூன்றாம் வழி நம் நாட்டில் பிறந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்த ஆய்வு 1983இல் தேவநாகரிக் கணிப்பொறியாக வெளிப்பட்டது. பின்னர், 1988இல் புனேயில் அமைந்த சி-டாக் நிறுவனத்தில் அது ‘ஜிஸ்ட்’ என்னும் அட்டையாக வளர்ந்தது. கணிப்பொறியின் உள்ளே ஒரு துளையில் இவ்வட்டையைப் பொருத்திவிட வேண்டும். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் போன்ற நிரல்கள் தாம் ஆங்கிலத்தையே கையாள்வதாக எண்ணித் திரைக்கு எண்களை அனுப்பும். இடையில் இருக்கும் அட்டை அவ்வெண்களைப் படித்து, இந்திய எழுத்தாகக் கூட்டித் திரையில் வரையும். நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டுவதில்லை.

ஒரே எண், பல எழுத்து

இந்த அட்டைக்கு அடிப்படையான குறியீட்டு முறை ‘இஸ்கி’ எனப்படும். 1991இல் இந்தியத் தர நிறுவனம் இதனை ஏற்று வெளியிட்டது. இதன் கருத்து வியக்கத்தக்கது. இந்திய மொழிகளின் எழுத்துகள் உருவத்தால் வேறாயினும் ஒலி வரிசையால் உறவுடையன அல்லவா? ஆகவே, எல்லா மொழிக் ‘க’வுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தனர். தமிழுக்குரிய ழ, ற, ன ஆகியவற்றிற்கும் இடம் வைத்தனர். ஒரு பெயரை ஒருமுறை தட்டச்சு செய்துவிட்டால், திரையின் மொழியை மாற்றியவுடன் அதுவே கன்னடத்திலும் தோன்றும், தமிழிலும் தோன்றும்.

இரு மொழிக்கும் இடையே வாழும் நமக்கு இதைவிட இனிய ஏற்பாடு வேறுண்டோ என்று தோன்றும். ஆயினும் இடர்ப்பாடு இங்கும் உண்டு. கன்னடத்தில் ககர வரிசையில் வல்லொலிக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்துகள் நான்கு உண்டு. தமிழில் ‘க’ ஒன்றே. அதன் ஒலி இடத்தால் மாறும். ‘தங்கம்’ என்று தமிழில் எழுதிய பெயரை அப்படியே கன்னடமாக்கினால், ‘சக்கரம்’ என்னும் சொல்லின் ககரம்போல் வன்மையாக ஒலிக்கும் எழுத்தே அங்கு வந்து அமரும். நம் வீட்டுத் தங்கம்மாள்களின் பெயரைக் கன்னட அன்பர் படித்தால் வேறு எவர் பெயரோ போலத் தோன்றும். எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் மொழிகள் ஒன்றாகிவிடா.

கன்னட அன்பர்களும் இத்துறையில் பட்ட பாடு குறைந்ததன்று. ஒத்தெழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்குவதால், அவர்களுக்குக் கட்டத்தின் உயரமும் போதவில்லை. கே. பி. ராவ் போன்ற அறிஞர்கள் அம்மொழிக்கு விசைப்பலகை வகுத்தனர். கன்னட கணக பரிஷத்து ‘நுடி’ என்னும் மென்பொருளை உருவாக்கியது. அண்டை வீட்டாரும் நம்மைப் போலவே எழுத்துக்குப் போராடினர் என்பதை நாம் மறத்தலாகாது.

நூறு பெட்டிகள், ஒரு பெட்டி

நேயர்களே, இவற்றால் நேர்ந்த குழப்பத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நிரலும் தன் தன் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்தது. ஒன்றில் ‘க’வுக்கு உரிய எண் மற்றொன்றில் ‘ழ’வுக்கு. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தோன்றும். தமிழ் என்னும் பெயரே இவ்வாறு உருமாறிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1997இல் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் சிங்கப்பூரில் அறிஞர் கூடினர். 1999இல் சென்னையில் கூடி, ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியீட்டு முறைகளையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் வகுத்தனர். மின்மடல் வழியே உலகத் தமிழர் பலர் கலந்துரையாடி, ‘டிஸ்கி’ என்னும் முறையை உருவாக்கினர். இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடுக்கும் ‘யூனிகோடு’ என்னும் ஒருங்குறி 1991இலேயே தோன்றியிருந்தது. அதில் இஸ்கியின் வரிசையைத் தழுவித் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2010 சூன் திங்களில் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்று நம் கைப்பேசியில் வரும் தமிழெல்லாம் இம்முறையில் வருவதே.

ஒருங்குறியில் எண் வேறு, உருவம் வேறு என்பது தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முன்னர் ‘லை’ யானைத் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டதை மூத்த அன்பர்கள் அறிவர். பழைய நிரல்களில் அவ்வுருவத்திற்குத் தனி எண் வேண்டியிருந்தது. ஒருங்குறியிலோ எண் ஒன்றே. எழுத்துரு மாறினால் அதே எண் பழைய உருவமும் காட்டும், புதிய உருவமும் காட்டும்.

இன்னும் தீராத கணக்கு

இத்துணையும் ஆன பின்னர் கருந்திரையில் தமிழ் நேராகத் தோன்றுகிறதா எனில், எல்லாவிடத்தும் இல்லை என்றே சொல்ல வேண்டும். நம் நகரில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இளைஞர்கள் இன்றும் நாள்தோறும் கட்டளைத் திரையைக் கையாள்கின்றனர். விண்டோஸின் பழைய கட்டளைத் திரையை 65001 என்னும் குறிப்பக்கத்துக்கு மாற்றினால் ஒருங்குறி எண்கள் பழுதின்றிச் செல்லும். ஆயினும் தமிழுக்கு மாறாக வெற்றுக் கட்டங்கள் தோன்றுவதையோ, கொம்பு ஒருபுறமும் எழுத்து ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்பதையோ அவர்கள் கண்டிருப்பர். லினக்ஸில் பன்மொழிக்கென்றே எழுதப்பட்ட ‘எம்.எல்.டெர்ம்’ போன்ற திரைகள் இதனைச் செம்மையாகச் செய்கின்றன.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். ‘பெங்களூரு’ என்னும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்குப் பெ, ங், க, ளூ, ரு என எழுத்துகள் 5. ஒருங்குறியோ ப, கொம்பு, ங, புள்ளி, க, ள, ஊகாரக் குறி, ர, உகரக் குறி என 9 எண்களாக இதனைக் கொள்கிறது. அவ்வெண்களைக் கோப்பில் எழுதும் வழக்கமான முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும், ஆக 27. ஐந்தா, ஒன்பதா, இருபத்தேழா? எண் ஒன்றுக்குக் கட்டம் ஒன்று என்று பழகிய பழைய நிரல் இங்கே திகைத்துப் போகிறது. ஆங்கிலத்தில் இந்நகரின் பழைய பெயரை எழுதினால் எழுத்தும் 9, எண்ணும் 9, பைட்டும் 9. அவர்கள் கணக்கு பிழைபடாததில் வியப்பில்லை.

அன்றியும், ‘பெ’ என்பதில் நாம் கொம்பை முதலில் காண்கிறோம். ஒருங்குறி பகரத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னர் வைக்கிறது. ஒலிப்படி அதுவே முறை. கட்டத்தை இடமிருந்து வலமாக நிரப்பிச் செல்லும் திரை, எழுதிய கட்டத்திற்குத் திரும்பி வந்து கொம்பை முன்னால் நுழைக்க அறியாது.

இதனால் விளையும் தீங்கு திரையோடு நின்றுவிடுவதில்லை. என் உறவினர் பெண் ஒருத்தியின் பெயர் இராஜேஸ்வரி. ஓர் அலுவலகத்தில் பெயருக்கு 20 பைட்டு இடம் மட்டும் வைத்திருந்த பழைய நிரலில் அப்பெயரைத் தமிழில் பதிந்தனர். அப்பெயருக்கு வேண்டியவை 30 பைட்டுகள். பதிவேட்டில் இருந்ததோ ‘இராஜேஸ’ என்பதும், அதன் பின்னே பொருளற்ற ஒரு குறியும். பெயர் முறிந்த சான்றை வைத்துக்கொண்டு அவள் மூன்று முறை அலைய வேண்டியதாயிற்று. பெயர் என்பது எவ்வளவு இடம் கொள்ளும் என்பதை வேற்று மொழியின் கணக்கால் அளந்ததன் விளைவு இது.

தாத்தாவின் கோப்பு

இனி அல்சூர் வீட்டிற்குத் திரும்புவோம். பெரியவர் கையாண்ட நிரல் எது என்பது எவருக்கும் நினைவில்லை. அது எந்தக் குறியீட்டு முறையையும் சேராமல் தன் விருப்பப்படி எண் கொடுத்த நிரல்களுள் ஒன்று. ஒருங்குறிக்கு மாற்றித்தரும் கருவிகள் சிலவற்றை ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் பொருந்தவில்லை. அப்பெண் சோர்ந்துபோனாள்.

அவளுடைய பாட்டியாரே வழி திறந்தார். பழைய புடவைப் பெட்டியின் அடியிலிருந்து, ஓரத்தில் துளைகள் கொண்ட ஒற்றைத் தாளை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் ஒருமுறை அச்சிட்டுப் பார்த்த முதற்பக்கம் அது. மை மங்கியிருந்தது, தமிழ் தெளிவாயிருந்தது. கோப்பின் முதல் வரியையும் தாளின் முதல் வரியையும் அருகருகே வைத்து, இக்கொம்பு எழுத்து ‘க’, இவ்வால் எழுத்து ‘ம’ என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தோம். மூன்று மாலைகளில் 100க்கு மேற்பட்ட எண்களுக்கு உரிய எழுத்து தெரிந்துவிட்டது. துதிக்கை ‘லை’க்கும் ஒரு தனி எண் இருந்தது. அதன்பின் அட்டவணையைக் கொண்டு முழுக் கோப்பையும் மாற்ற, அப்பெண் எழுதிய சிறு நிரலுக்கு ஒரு நொடியும் ஆகவில்லை.

படித்தோம். பெரியவரின் தந்தையார் முதலில் வந்து சேர்ந்த இடம் பெங்களூரன்று, கோலார் தங்கவயல் என்பதும், சுரங்கத்தில் ஏற்பட்ட விபத்தொன்றில் கால் ஊனமுற்ற பின்னரே குடும்பம் இந்நகருக்குப் பெயர்ந்தது என்பதும் அவ்வீட்டில் எவருக்கும் தெரியாத செய்திகள். 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கத்தைப் பற்றி அப்பெண் பாடநூலில் படித்திருக்கிறாள். அதில் தன் கொள்ளுப்பாட்டனார் இறங்கியிருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தாள்.

நாம் செய்யத்தக்கன

இவ்வனுபவத்தால் நான் கற்றவற்றை நேயர்களுக்குச் சொல்வது என் கடமை.

முதலாவது, படிக்க இயலாத பழைய கோப்பைக் கெட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். ஒரு படியை மாற்றம் ஏதும் செய்யாமல் அப்படியே தனியே வையுங்கள். புதிய நிரலில் திறந்து மீண்டும் சேமித்தால் எண்களே மாறிவிடக்கூடும். பிறகு எவராலும் மீட்க இயலாது.

இரண்டாவது, எந்த நிரலில், எந்த எழுத்துருவில், எந்த ஆண்டில் எழுதியது என்பதை ஒரு தாளில் குறித்துக் கோப்போடு வையுங்கள். கோப்பின் முதற்பக்கத்தை அச்சிட்டு அதனோடு சேர்த்தால், அத்தாளே திறவுகோலாகும்.

மூன்றாவது, ஒருங்குறிக்கு மாற்றிய பின்னர் ஒருமுறை முழுவதும் படித்துச் சரிபாருங்கள். முடியுமாயின், எழுதிய பெரியவரை அருகில் அமர்த்தி அவர் முன்னிலையில் படியுங்கள். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் அவருக்கன்றிப் பிறருக்கு விளங்கா. அவர் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.

சரிபார்த்தல் ஏன் வேண்டும் என்பதற்கு அப்பெண்ணின் அனுபவமே சான்று. அவள் கொள்ளுப்பாட்டியாரின் பெயர் கௌரி. மாற்றிய கோப்பில் அப்பெயரைத் தேடினாள். கணிப்பொறி இல்லை என்றது. கண்ணெதிரே பெயர் இருக்கிறது, பொறியோ இல்லை என்கிறது. ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. பழைய நிரலில் கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்று துண்டுகளாக எழுதிய ‘கௌ’வை, மாற்றும் நிரல் ‘கெ’ என்றும் ‘ள’ என்றும் இரண்டு எழுத்தாகக் கொண்டுவிட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும், எண்ணால் வேறு. இது எழுத்தின் துணையா, ளகரமா என்பதைப் பொறி அறியாது. தமிழ் படித்தவரே அறிவர்.

அவள் கோப்பு முழுவதையும் மீண்டும் படித்து, அப்பெயர் வந்த பதினேழு இடங்களிலும் தன் கையாலேயே திருத்தினாள். பின்னர் மறுபடியும் தேடினாள். பதினேழும் கிடைத்தன.